ஆளும் இருக்கு, சாமானும் இருக்கு, வேலை மட்டும் நகரவில்லை: சிறிய கட்டடங்களில் ஓட்டத் திட்டம் எங்கே தடுமாறுகிறது?

வேலை தடுமாறும் எல்லா அறிகுறிக்கும் ஒரே கட்டடத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே ஐந்து தளம், தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் பத்து வீடு. கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் இந்த அளவுத் தொடர்மாடிகள் நிறைய உண்டு. கொங்கிறீட் வேலையும் கல் கட்டும் முடிந்து உள்வேலை தொடங்குகிறது. குழுக்கள் ஆறு: பைப்பும் கொண்டியூட்டும் (வயர் ஓடும் குழாய்), உட்பூச்சு, தரை ஸ்கிறீட் (டைல்ஸுக்கு அடியில் போடும் சாந்து மட்டம்), டைல்ஸ், கதவு சன்னல் பான்ட்ரி (சமையலறை அலுமாரி), கடைசியாகப் புட்டியும் பெயின்ட்டும்.

ஓட்டத் திட்டம் என்பது இதுதான்: ஒவ்வொரு குழுவும் ஒரு வீட்டில் ஐந்து நாள் வேலை செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும். பின்னால் வரும் குழு அந்த வீட்டுக்குள் நுழையும். ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு ஸ்டேஷனைக் கடப்பதுபோல. அந்த ஐந்து நாளுக்கு டாக்ட் என்று பெயர். மொத்தக் காலம் இப்படி வரும்: வீடுகளின் எண்ணிக்கையுடன் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, டாக்ட்டால் பெருக்க வேண்டும். 10 + 6 − 1 = 15; 15 × 5 = 75 வேலை நாள். திங்கள் முதல் வெள்ளி வரை திட்டம், சனிக்கிழமை திட்டத்துக்கு வெளியே. பின்தங்கியதைப் பிடிக்கவும், வாரத்தின் நடுவில் வரும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளுக்கு ஈடுகட்டவும் அந்த நாள் வேண்டும். சனிக்கிழமையையும் திட்டத்துக்குள் திணிப்பவர் முதல் போயாவிலேயே மாட்டிக்கொள்வார்.

கடதாசியில் இவ்வளவுதான். சைட்டில் எது எப்படிப் பிழைக்கிறது, எதைத் தொட்டால் சரியாகும் என்பது கீழே.

முதலில் ஒரு சுற்று

எந்த அறிகுறியானாலும் ஆளைத் திட்டுவதற்கு முன், காலை பத்து மணிபோல் கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி போதும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே கேள்வி: உள்ளே யாராவது வேலை செய்கிறார்களா? வேலை செய்ய வழியில்லாமல் யாராவது நிற்கிறார்களா? மூன்று நாள் தொடர்ந்து எழுதினால் போதும்.

தொடங்கிய வீடுகள் பல வெறிச்சோடிக் கிடந்தால், தேவைக்கு மேல் இடம் திறந்திருக்கிறது, அல்லது சப்பின் (துணை ஒப்பந்தகாரரின்) ஆள் வேறு சைட்டில் நிற்கிறது. ஆட்கள் படியில் உட்கார்ந்திருந்தால், முன் குழு வீட்டைச் சரியாகக் கையளிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால், பெரும்பாலும் குழுக்கள் வீடுகளை ஒரே ஒழுங்கில் எடுக்கவில்லை: பூச்சு மேலிருந்து கீழே இறங்குகிறது, டைல்ஸ் கீழிருந்து மேலே ஏறுகிறது. இது இரண்டும் இல்லை, எல்லாரும் மும்முரமாக வேலை செய்கிறார்கள், ஆனாலும் திகதி தள்ளிப்போகிறது என்றால் உடைத்துத் திருப்பிச் செய்யும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. யார் எதை உடைக்கிறார் என்று தேடுங்கள்.

"வந்தோம், வீடு இன்னும் விடவில்லை"

டைல்ஸ் குழு சாமானோடு வந்து நிற்கிறது, முன்னால் போகும் குழு உள்ளேயே இருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு, மருந்தும் வேறு வேறு. ஒரே ஒரு தடவை நடந்தால் அது விபத்து, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் காத்திருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் அது வேகப் பொருத்தமின்மை.

ஒரு பெரிய தாளில் கீழே திகதி, பக்கத்தில் வீட்டு இலக்கம் போட்டு, ஒவ்வொரு குழுவும் வீட்டுக்குள் நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் புள்ளியிட்டுக் கோடாக இழுங்கள். குழுவுக்கு ஒரு நிறம். எழுத்து வேண்டாம், சிங்களம் மட்டும் வாசிப்பவருக்கும் தமிழ் மட்டும் வாசிப்பவருக்கும் நிறம் ஒன்றுதான். இரண்டு கோடு ஒன்றையொன்று நெருங்கினால் பின் குழு வேகம் கூடியது, சீக்கிரமே முட்டும். விலகிக்கொண்டே போனால் பின் குழு மெதுவானது, நடுவில் வெறும் வீடுகள் சேரும். கோடு நிமிர்ந்து நின்றால் வேகம், படுத்தால் மந்தம்.

பிறகு கணக்கு. ஒரு வீட்டில் சுவரும் சீலிங்கும் சேர்த்து 2,400 சதுர அடிப் பூச்சு இருக்கிறது, ஒரு மேசனும் ஒரு கையாளும் கொண்ட சோடி நாளுக்கு 120 சதுர அடி செய்கிறது என்று வையுங்கள். 2,400 ஐ 120 ஆல் பிரித்தால் 20 சோடி நாள். ஐந்து நாளில் முடிக்க நான்கு சோடி. டைல்ஸ் 950 சதுர அடி, சோடி நாளுக்கு 80 என்றால் கிட்டத்தட்ட 12 சோடி நாள். இரண்டு சோடி போட்டால் ஆறு நாள் எடுக்கும். வீட்டுக்கு ஒரு நாள்தானே என்று தோன்றும். பத்தாவது வீட்டை முடிக்கும்போது அது பத்து நாள், அதாவது இரண்டு வாரம். 120, 80 என்பவை உதாரணத்துக்குத்தான். உங்கள் பாஸின் (குழுவின் தலைமை வேலையாளின்) வாயிலிருந்து வரும் எண்ணையும் எடுக்காதீர்கள், முதல் இரண்டு வீட்டில் அளந்ததை எடுங்கள்.

இங்கே எல்லாரும் செய்வது வேகமான குழுவைப் பார்த்து மற்றவர்களையும் விரட்டுவது. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. வேகமாக ஓடும் குழுவில் ஒரு சோடியைக் குறையுங்கள், அல்லது அந்தக் குழுவை ஒரு வாரம் பிந்தித் தொடங்குங்கள். முன்னால் ஓடிப்போய் மூன்று வீட்டைத் திறந்து வைத்த குழுவால் வீட்டுக்காரருக்கு ஒரு சதம் இலாபமில்லை. மெதுவான குழுவுக்கு ஆள் கூட்டுவது இரண்டாவது வழி. மூன்றாவது சோடி நுழைய அந்த வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"எல்லாம் முடியப் போகுது"

ஆபத்தான அறிகுறி இதுதான், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கும். பத்து வீட்டில் எட்டுத் தொடங்கியிருக்கும். எட்டிலும் பூச்சு "கொஞ்சம்தான் மிச்சம்". ஒன்றையாவது பூட்டிச் சாவியைக் கையில் எடுக்க முடியாது.

கணக்கு நேரானது: உள்ளே திறந்திருக்கும் வீடுகளை, வாரத்துக்கு வெளியேறும் வீடுகளால் பிரித்தால், ஒரு வீடு உள்ளே கிடக்கும் சராசரி வாரம் வரும். எட்டு வீடு திறந்து, வாரத்துக்கு ஒன்று முடிந்தால், ஒவ்வொன்றும் எட்டு வாரம் கிடக்கும். அதே வேகத்தில் நான்கு வீடு மட்டும் திறந்திருந்தால் நான்கு வாரம். புதிதாகத் தொடங்குவதால் வெளியேறும் வேகம் கூடாது. ஒப்பந்தகாரர்கள் இதை நம்ப மறுப்பது காசு விடயத்தால்தான்: புதிய வீட்டில் முதல் பூச்சைப் போட்டால் பில் எழுதலாம், மிச்சம் கிடக்கும் சன்னல் ஓரத்துக்கு யாரும் பில் எழுதுவதில்லை. ஆகவே மருந்தும் அங்கேதான். சதுர அடி அளந்து கொடுக்கும் கொடுப்பனவை, முழுதாகக் கையளித்த வீட்டுக்கு என்று மாற்றுங்கள். அதற்குப் பதிலாக, கையளித்த வாரத்திலேயே காசு கையில் கிடைக்க வேண்டும். இழுத்தடித்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நிற்காது.

அடுத்து, "முடிந்தது" என்றால் என்ன என்று எழுதி ஒட்ட வேண்டும். பூச்சு முடிந்த வீட்டுக்குக் கதவு நிலைக்குப் பக்கத்தில் பொலித்தீன் உறையில் ஒரு தாள். அதில் இருக்க வேண்டியவை: ஆறடி மட்டப் பலகையைச் சுவரில் வைத்தால் இடைவெளி 3 மில்லிமீற்றருக்குள் நிற்கிறது. சுவிட்ச் பெட்டிகளின் விளிம்பு பூச்சு மட்டத்தோடு ஒன்றாக இருக்கிறது, உள்ளே திணித்த சீமெந்துப் பைக் கடதாசி வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது, கொண்டியூட்டுக்குள் இழுகம்பி ஓடுகிறது. சன்னல் ஓரங்கள் நான்கு பக்கமும் முடிந்திருக்கின்றன. பான்ட்ரி வரும் மூலையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. நிலத்தில் விழுந்து இறுகிய சாந்து சுரண்டப்பட்டு, கூட்டி அள்ளப்பட்டிருக்கிறது.

கடைசி வரியைத்தான் எல்லாரும் தவறவிடுவார்கள். ஸ்கிறீட் குழு வந்து முதல் அரை நாளை உளி பிடித்துச் சுரண்டுவதில் கழிக்கும், ஐந்து நாள் ஐந்தரை ஆகும், யாருடைய புத்தகத்திலும் அது எழுதப்படாது. தாளில் கையெழுத்து வைப்பது சூப்பர்வைசர் அல்ல, அடுத்து உள்ளே வரும் குழுவின் பாஸ். பிடிக்காத வீட்டை அவர் ஏற்கத் தேவையில்லை. ஏற்ற பிறகு குறை சொல்லவும் இயலாது.

திறந்த வீடுகளுக்கு ஒரு உச்ச எண்ணையும் போடுங்கள். ஆறு குழுவுக்கு ஆறு வீடு, கூட ஒன்று. ஏழுக்கு மேல் திறப்பதில்லை. எட்டாவது வீட்டின் சாவி, ஒரு வீடு பூட்டப்பட்ட பிறகுதான் வெளியே வரும். மெய்யாகவே பூட்டுப் போடுங்கள். பூட்டில்லாத வீட்டில் சாமான் வைப்பார்கள், பிறகு அங்கே படுப்பார்கள், பிறகு பீங்கானையும் கழுவுவார்கள்.

இடம் இருக்கு, ஆள் இல்லை

சிறிய சைட்டின் நிரந்தரத் தலைவலி. வோட்டர் புரூஃபிங், சீலிங், அலுமினியம் ஆகிய மூன்றிலும் கூடுதலாகப் பார்க்கலாம். இவர்கள் ஒரே நேரத்தில் ஐந்தாறு சைட் வைத்திருப்பவர்கள். ஒரு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் வந்து ஒன்றரை நாள் செய்துவிட்டு, அடுத்த வீடு தயாரில்லை என்று பார்த்தவுடன் வத்தளைக்குப் போய்விடுவார்கள். திருப்பிப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது அறுபடாத வேலை, அதைக் கொடுத்தால் நிற்பார்கள். மூன்று வீடு முழுதாகத் தயாரான பிறகே முதல் தடவை கூப்பிடுங்கள். அவர்கள் ஒன்றை முடிக்கும் வேகத்தில் உங்கள் பக்கம் இன்னொன்று தயாராக வேண்டும். பத்து நாளைக்கு முன் ஒரு அழைப்பு, மூன்று நாளைக்கு முன் தயாரான வீட்டின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப். படம் போகாமல் ஆள் வராது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டால், தயாராகாத வீட்டுக்குக் கூப்பிட்டு ஏமாற்றுவது உங்கள் பக்கத்திலும் நின்றுவிடும்.

அலுமினியத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூச்சு முடிந்த பிறகு வந்து அளவெடுத்து, பட்டறையில் அடித்துக் கொண்டுவர இரண்டு மூன்று வாரம் போகும். டாக்ட் ஐந்து நாளாக இருக்கும் ரயிலில் அது பெரிய ஓட்டை. வழி என்னவென்றால், சன்னல் வாய்க்கு இரும்பிலோ பலகையிலோ ஒரு அச்சுச் சட்டம் செய்து, அதை வைத்தே ஓரம் பூசுவது. வாய் எல்லாம் ஒரே அளவாக வந்தால், பூச்சு தொடங்கும் நாளிலேயே பத்து வீட்டுக்கும் ஓடர் கொடுக்கலாம். சட்டத்தைச் சன்னலின் வெளியளவைவிட 10 மில்லிமீற்றர் கூட்டிச் செய்தால் பொருத்தும்போது சிலிக்கோனுக்குச் சுற்றிவர இடம் இருக்கும்.

பாத்ரூம் வந்ததும் ஓட்டம் நிற்கிறது

மற்ற அறைகள் ஐந்து நாளில் ஓடும், பாத்ரூம் மட்டும் பதினைந்து நாள் கேட்கும். நாற்பது சதுர அடிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது, வேலையோ ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் பத்து. இதை வீட்டின் டாக்ட்டுக்குள் அடக்கப் பார்ப்பதுதான் பிழை.

பாத்ரூம்களுக்கு வேறு ரயில் ஓட விடுங்கள். அது வீட்டு ரயிலுக்கு இரண்டு மூன்று டாக்ட் முன்னால் புறப்பட வேண்டும். ஒழுங்கு இப்படி: சுவர் வெட்டிப் பைப் பதித்தல், வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்த்தல், பிறகுதான் வெட்டை மூடுதல். சுவர்ப் பூச்சு. தரையில் பைப் சிலாப்பைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கிறவுட்டால் அடைத்தல். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக்குதல். வோட்டர் புரூஃபிங் இரண்டு பூச்சு, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. அது காய்ந்தபின் கழிவு வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுதல். மறுநாள் பென்சில் கோட்டை மட்டும் பார்க்காமல் கீழ் வீட்டுச் சீலிங்கையும் பாருங்கள். சரியென்றால் அன்றே பாதுகாப்பு ஸ்கிறீட், பிறகு சுவர் டைல்ஸ், தரை டைல்ஸ், கிறவுட்.

"அன்றே" என்பது முக்கியம். வோட்டர் புரூஃபிங் படலம் திறந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஏணியை ஊன்றுவார்கள், கம்பித்துண்டைப் போடுவார்கள். சோதனையில் தேறிய பாத்ரூம் வீடு கொடுத்த பிறகு ஒழுகுவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு தளத்தில் நான்கு பாத்ரூம் என்றால் தளம் முழுவதையும் ஒரே இடமாகக் கொள்ளுங்கள். குழு ஒன்றில் தண்ணீர் தேங்கும் நேரத்தில் மற்றதில் பூசும். காத்திருப்பு காத்திருப்பாகவே இருக்கும், ஆனால் ஆள் காத்திருக்க மாட்டார்.

பெயின்ட் உரிகிறது, உப்புப் பூக்கிறது

இதைப் பெயின்ட் தரத்தின் மேல் போடுவார்கள். பல நேரம் திட்டத்தின் பிழை. சீமெந்துப் பூச்சு பெயின்ட் ஏற்க 28 நாள் விடச் சொல்வது வழக்கம். உதாரண ரயிலில் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மூன்று குழு, அதாவது பதினைந்து வேலை நாள், மூன்று வாரம். 21 நாள்தான் கிடைக்கிறது. ஒரு வெறும் பெட்டியை நடுவில் சேருங்கள்: ஆள் இல்லாத, காற்று மட்டும் ஓடும் ஐந்து நாள். மொத்தம் 75 இலிருந்து 80 வேலை நாளாகும். சன்னல் போட்ட பிறகு அவற்றைத் திறந்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடல் ஈரம் சுவரில் நிற்கும் கொழும்பில், மூடிய வீட்டுக்குள் 28 நாள் என்பது 28 நாளே அல்ல.

"வீட்டை இரண்டாகப் பிரித்தோம், ஒன்றும் குறையவில்லை"

இடத்தைச் சிறிதாக்கினால் காலம் குறையும் என்பது உண்மை. பத்து வீட்டை இருபது அரை வீடாக்கி டாக்ட்டை இரண்டரை நாளாக்கினால் 20 + 6 − 1 = 25; 25 × 2.5 = 62.5 நாள். ஆனால் அரை நாளைக் கையாள முடியாமல் மூன்று நாளாக்கினால் திரும்பவும் 75 தான். அதோடு பூச்சுக் காயும் காலம் சிறிதாகாது: அதே 28 நாளுக்கு இப்போது ஐந்து வெறும் பெட்டி வேண்டும், மொத்தம் 30 × 2.5 = 75. காயும் காலத்தையும் சேர்த்த 80 உடன் ஒப்பிட்டால் மிச்சம் வெறும் ஐந்து நாள், அதற்குக் கையளிப்பு இரட்டிப்பு. பத்து வீட்டுக் கட்டடத்தில் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சாமான் வழியை மறிக்கிறது, அல்லது சாமானே இல்லை

ஒழுங்கைக்குள் டிப்பர் திரும்ப முடியாது, காலி வீதியில் நிறுத்தவும் விடமாட்டார்கள். ஆகவே வந்த அன்றே முழுவதையும் இறக்கி ஏற்றி வைப்பார்கள். அந்தக் குவியல் இன்னொரு குழுவின் இடம்.

வீட்டுக்கு வீடு கணக்கிட்டுக் கட்டுங்கள். 15 மில்லிமீற்றர் தடிப்பில் ஒன்றுக்கு ஐந்து கலவையில் 100 சதுர அடிப் பூச்சுக்குச் சேதாரத்தோடு சுமார் ஒரு பை சீமெந்தும் ஆறு கன அடி மணலும் போகும். 2,400 சதுர அடி வீட்டுக்கு 24 பை, ஏறத்தாழ ஒன்றரைக் கியூப் மணல் (ஒரு கியூப் 100 கன அடி). கல் கட்டு மிச்சமிருந்தால் 16க்கு 8 அங்குலப் புளொக் கல் 100 சதுர அடிக்கு உடைவோடு 120.

ஒன்றரைக் கியூப்பையும் ஒரேயடியாக மேலே ஏற்றக்கூடாது. அது ஏழு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாவனைச் சுமை சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவுதான். ஒரு அடி உயரத்துக்கு மணல் குவித்தால் 480 கிலோ. நாளுக்கு நாள் தேவையானதை மட்டும், பெரும்பாலும் மாலையில், மறுநாளுக்காக ஏற்றி, சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். வேலைக்குத் தேவையான நாளுக்கு ஒரு டாக்ட் முன் சாமான் சைட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு டாக்ட்டுக்கு முன் வந்தால் அது சாமான் அல்ல, தடை.

வாக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நிறைவேறுகிறது, வேலை பின்தங்குகிறது

வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு பாஸும் அடுத்த வாரத்துக்கு வாக்குக் கொடுக்கிறார். வார முடிவில், முழுதாக நிறைவேறியவற்றை மொத்தத்தால் பிரித்து வீதம் எடுக்கிறோம். கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்களான கிளென் பலார்டும் கிரெகரி ஹவெலும் 1990களில் உருவாக்கிய இந்த முறையில் அரைப் புள்ளி கிடையாது: முடிந்தது, அல்லது முடியவில்லை.

வீதம் குறைவாக இருந்தால் காரணம் தேடுவது எளிது. அதே துறை ஆய்வாளர் லௌரி கொஸ்கெலா சொல்லும் ஏழு முன்தேவைகளை வரிசையாகக் கேளுங்கள்: வரைபடமும் தகவலும், சாமான், ஆள், கருவி, இடம், முன்வேலை, மழையும் அனுமதியும் போன்ற வெளி நிலை. ஏழில் ஒன்று இல்லாமல் வாக்குக் கொடுத்திருப்பார்கள். அடுத்த வாரம் ஏழுக்கும் சரி போட்ட வேலைக்கு மட்டும் வாக்கு வாங்குங்கள்.

வீதம் உயர்ந்தும் திகதி தள்ளினால் கதை வேறு. எளிதான வேலைக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறார்கள். குப்பை அள்ளுவதும், யாருக்கும் இப்போது தேவைப்படாத வெளிமதில் பூச்சும் பட்டியலை நிரப்புகின்றன. ரயிலைச் சேர்ந்த வேலைக்கு ஒரு வீதமும் மற்றதற்கு ஒரு வீதமும் தனித்தனியாக எடுங்கள், உடனே தெரிந்துவிடும். வீதத்தை வைத்து யாருக்கும் பரிசோ அபராதமோ வைக்காதீர்கள். வைத்த வாரத்திலிருந்து எண் பொய் சொல்லத் தொடங்கும்.

ரொறன்ரோவிலிருந்து வரும் மாற்றம்

வீடு வாங்கியவர் வெளிநாட்டில். வீடியோ அழைப்பில் பார்த்து, பான்ட்ரிச் சுவரை இரண்டடி தள்ளச் சொல்கிறார். கொண்டியூட் ஏற்கெனவே உள்ளே. மறுக்க முடியாது, ரயிலையும் நிறுத்தக் கூடாது.

விற்கும்போதே வீட்டுக்கு வீடு ஒரு திகதிப் பட்டியல் கொடுங்கள்: சுவரும் மின்புள்ளியும் முதல் குழு நுழைய மூன்று வாரத்துக்கு முன், டைல்ஸ் தெரிவு ஆறு வாரத்துக்கு முன், பான்ட்ரி நிறம் அலுமினியம் ஓடருக்கு முன். இந்தத் திகதிகள் வீட்டுக்கு வீடு மாறும், பத்தாவது வீட்டுக்காரருக்கு நிறைய நேரம் இருக்கிறது. திகதி கடந்து வந்த மாற்றத்தை ரயிலில் ஏற்றாதீர்கள். அதற்கென இரண்டு மேசன், ஒரு எலக்ட்ரீசியன் கொண்ட சிறு குழுவைத் தனியாக வைத்து, தனி விலையில், ரயில் அந்த வீட்டைக் கடந்த பிறகு செய்விக்கலாம். விலையைக் கேட்டதும் பாதி மாற்றம் திரும்பிப் போய்விடும்.

சித்திரையும் மழையும்

ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. ஊருக்குப் போகும் ஆள் அதற்குச் சில நாள் முன்பே கிளம்புவார், திரும்ப ஒரு வாரமாவது, பலருக்கு இரண்டும் ஆகும். திட்டத்தில் இரண்டு டாக்ட்டை வெறுமையாக விடுவதே நேர்மை. விடுமுறைக்கு முந்திய வாரத்தில் புது வீடு திறக்க வேண்டாம். வோட்டர் புரூஃபிங் படலம் திறந்தபடி, தண்ணீர் சோதனை பாதியில் இருக்கும்படி யாரும் ஊருக்குப் போகக்கூடாது. காய்வதற்கு விடவேண்டிய வெறும் பெட்டி இந்தக் காலத்தில் விழும்படி தொடக்கத் திகதியை நகர்த்தினால் இழப்பு ஓரளவு குறையும்.

மே, ஜூன் தென்மேற்கு மழைக்கு வெளிப்பூச்சை ரயிலில் இணைக்காமல் தனியே வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் இடி பெரும்பாலும் பிற்பகலில், ஆகவே மொட்டைமாடி வேலையைக் காலையில் முடித்து, பிற்பகலுக்கு உள்ளே செய்யக்கூடிய இரண்டு மூன்று வேலையைச் சாமானோடு கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

ஒற்றை வீட்டுக்கு இது சரிவருமா?

தெஹிவளையில் ஒரு இரண்டு மாடி வீடு, திரும்பத் திரும்ப வரும் வேலை இல்லை. டாக்ட் அங்கே பெரிதாக உதவாது. கீழ் முன், கீழ் பின், மேல் முன், மேல் பின் என்று நான்காகப் பிரித்து ஆறு குழுவை ஓட விட்டால் 4 + 6 − 1 = 9 டாக்ட். அதில் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் வாரம் ஒன்றுகூட இல்லை. எந்தச் சப்பும் நான்கு சின்ன இடத்துக்காக ஆளைப் பூட்டி வைக்கமாட்டார்.

அங்கே மூன்றை மட்டும் எடுங்கள்: கையளிப்புத் தாள், திறந்த அறைகளுக்கு உச்ச எண், ஏழு கேள்வியோடு வார வாக்கு. பாத்ரூம் ஒழுங்கு அப்படியே பொருந்தும். கோட்டுப் படம் தேவையில்லை. சுவரில் ஒரு நாட்காட்டி, அதில் ஒவ்வொரு சப்பும் வரும் நாள், அவருக்கு முன் தயாராக வேண்டிய அறை. அலுமினியத்துக்கு அச்சுச் சட்டம் செய்வது ஒற்றை வீட்டிலும் நல்லதுதான், ஒரே அளவுச் சன்னல் குறைந்தது நான்கு இருந்தால்.